விழுந்த பின்னும் கொல்லும் மரங்கள்

மரம் விழுந்துவிட்டால் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை சுவீடன் நாட்டு மக்கள் 2005ஆம் ஆண்டில் உணர்ந்தார்கள். அந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

2005 ஜனவரி 8ஆம் நாள், சனிக்கிழமை மாலை. 'கூட்ரூன்' எனப் பெயரிடப்பட்ட புயல் தென் சுவீடனைத் தாக்கியது. ஹானோ தீவில் காற்று வினாடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பொழுது விடிந்தபோது ஸ்மோலாந்துப் பகுதியின் காடுகள் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தன. சாய்ந்த மரத்தின் அளவு ஏறத்தாழ 7.5 கோடி கன மீட்டர். சுவீடன் முழுவதிலும் ஓராண்டில் வெட்டப்படும் மரத்துக்கு இது ஏறக்குறைய ஈடாகும்! ஒரே இரவில் காற்று அதைச் செய்து முடித்துவிட்டது.

சாய்ந்தவற்றுள் பெரும்பாலானவை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள். இவற்றின் வேர்கள் ஆழமாகச் செல்வதில்லை. தட்டுப் போல மேலாகப் பரவியிருக்கும். குளிர்காலத்திலும் இவை இலையுதிர்ப்பதில்லை. ஆகவே காற்றுக்குப் பாய்மரம் போல் முகம் கொடுக்கின்றன. வழக்கமாகக் குளிரில் நிலம் உறைந்து வேர்களை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவ்வாண்டோ குளிர் குறைவு. மழையில் ஊறிய மண் இளகிக் கிடந்தது.

புயலின்போது சுவீடனில் 7 பேர் இறந்தனர். பிறகு சாய்ந்த மரங்களை அகற்றும் வேலையில் இறந்தவர்கள் 11 பேர். புயல் கொன்றதைவிடப் புயலுக்குப் பிந்தைய வேலை அதிகம் பேரைக் கொன்றது! அவர்களுள் தம் சொந்தக் காட்டில் வேலை செய்த குடியானவர்களும் இருந்தனர். தென் சுவீடனில் காடுகள் பெரும்பாலும் குடும்பங்களுக்கே உரியவை. பேரனுக்காகத் தாத்தா நட்ட மரங்கள் அவை. அவை தரையில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. ஸ்புரூஸ் மரப்பட்டையைத் துளைக்கும் ஒரு சிறு வண்டு உண்டு. கோடை வந்ததும் விழுந்த மரங்களில் அது பெருகி, பிறகு நிற்கும் மரங்களையும் தாக்கும். ஆகவே வெயில் ஏறுமுன் மரங்களை வெளியேற்ற வேண்டியிருந்தது. அவ்வாறு வெளியேற்றிய மரத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் கன மீட்டரை பீஹோல்மா என்ற பழைய இராணுவ விமானத்தளத்தில் அடுக்கி, இடைவிடாது தண்ணீர் தெளித்தார்கள். நீர் நிறைந்த மரத்தில் காற்றுக்கு இடமில்லை. எனவே காளானும் பூச்சியும் அதை எளிதில் கெடுக்க முடியாது.

சரி, கீழே கிடக்கும் மரம் எப்படி மனிதனைக் கொல்கிறது? ஒரு மூங்கில் பிளாச்சை வில்லாக வளையுங்கள். அதன் வெளிப்புறத்து நார்கள் இழுபடுகின்றன. உட்புறத்து நார்கள் அமுங்குகின்றன. பிளாச்சில் ஓர் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. புயலில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த மரங்களும் இத்தகைய விற்களே. இழுபட்டிருக்கும் வெளிப்புறத்தை இரம்பத்தால் ஒரேயடியாக அறுத்தால், டன் கணக்கான மரம் கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் பாயும். ஆகவே அனுபவசாலிகள் உள்வளைவுப் பக்கம் நிற்பார்கள். அமுங்கிய பக்கத்தில் முதலில் சிறிது அறுத்து, பிறகு இழுபட்ட பக்கத்தில் கொஞ்சங்கொஞ்சமாக அறுத்து, அடங்கியிருக்கும் ஆற்றலை மெல்ல வெளியேற்றுவார்கள்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் இன்னோர் அபாயம் உண்டு. அடிமரத்தை அறுத்ததும், மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு பழைய குழிக்குள்ளேயே விழலாம்; அறுப்பவர் மீது கவிழவும் செய்யலாம். ஆகவே அதன் பின்னாலோ அடியிலோ யாரும் நிற்கலாகாது.

எல்லாவற்றையும்விடக் கொடியது, பாதி சாய்ந்து பக்கத்து மரத்தில் தொற்றி நிற்கும் மரம். அது எப்போது நழுவும் என்று எவராலும் சொல்ல முடியாது. அதன் கீழ் நடக்கக் கூடாது. அதைத் தாங்கும் மரத்தை வெட்டக் கூடாது. அதன்மீது இன்னொரு மரத்தைச் சாய்த்துத் தள்ளவும் கூடாது. தொலைவில் நின்று, இழுவைப் பொறியால் அடிமரத்தைப் பின்னோக்கி இழுப்பதே முறை. இயலாவிட்டால், யாரும் நெருங்காதபடி எச்சரிக்கைக் குறியிட்டு விலகிவிட வேண்டும்.

பட்ட மரமும் இப்படியே. பச்சை மரத்தை வெட்டும்போது நடுவே அறுக்காமல் விடும் மெல்லிய பகுதி, கதவின் கீல் போல் வளைந்து மரத்தை வேண்டிய திசையில் இறக்குகிறது. உலர்ந்த, உளுத்த மரத்தில் இந்தக் கீல் பட்டென்று முறிந்துவிடும். இரம்பத்தின் அதிர்விலேயே மேலிருந்து காய்ந்த கிளைகள் விழும். இத்தகைய கிளைகளுக்கு ஆங்கிலம் பேசும் மரவெட்டிகள் 'விதவையாக்கி' என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள்!

சங்கிலி இரம்பம் செய்யும் புகழ்பெற்ற ஹஸ்குவர்ணா ஆலை தோன்றியது இதே ஸ்மோலாந்தில்தான். 1959இல் அது முதல் இரம்பத்தை வெளியிட்டது. 1970களில் சங்கிலியை நொடிப்பொழுதில் நிறுத்தும் தடை பொருத்தப்பட்டது. கருவி திருந்திவிட்டது, ஆனால் மரத்துக்குள் இருக்கும் விசையைக் கருவி அறியாது, மனிதன்தான் அறிய வேண்டும். இதை உணர்ந்த சுவீடனில், புயலுக்குப் பின் இரம்பம் பிடிப்போருக்கான பயிற்சி விரிவடைந்தது. மோட்டார் வண்டிக்கு இருப்பதுபோல 'இரம்ப ஓட்டுநர் உரிமம்' என்று மக்கள் அழைக்கும் சான்றும் வந்தது. பணியாளர்கள் தகுந்த பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதியாயிற்று.

வாசகர்களே! ஸ்மோலாந்தின் ஸ்புரூஸுக்கும் உங்கள் கொல்லையில் பட்டுப்போய் நிற்கும் மரத்துக்கும் இயற்பியல் ஒன்றே. புயலுக்கு மறுநாள் அரிவாளை எடுக்குமுன், மரம் எங்கே இழுபடுகிறது, எங்கே அமுங்குகிறது, எதன்மீது தொற்றியிருக்கிறது என்று சுற்றி வந்து பாருங்கள். தனியாக அந்த வேலையில் இறங்காதீர்கள். ஐயம் இருந்தால், தேர்ந்தவர் வரும்வரை மரம் அங்கேயே கிடக்கட்டும். விழுந்த மரம் காத்திருக்கும். போன உயிர் திரும்பாது.