பொதுக் களஞ்சியமும் பதினொரு வரிகளும்

ஊருக்குப் பொதுவாக ஒரு நெற்களஞ்சியம் இருப்பதாகக் கொள்வோம். விளைத்தவன் ஒருவன், காப்பவன் மற்றொருவன், எடுத்து உண்பவர் ஊரார். விளைத்தவன் ஒருநாள் வந்து, தான் அளித்த நெல்லைத் திரும்பக் கேட்டால் என் செய்வது? கணிப்பொறி உலகில் 2016ஆம் ஆண்டில் இவ்வினா மெய்யாகவே எழுந்தது. அதன் வரலாற்றை மாணவர்கள் அறிதல் நலம்.

திறமூல மென்பொருள் என்பது, தன் நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவு தருவது. ஆயினும் உரிமை இருந்தால் மட்டும் போதாது. பொருள் கைக்கு எட்டவும் வேண்டுமன்றோ? தொடக்கத்தில் இத்தகைய நிரல்கள் பல்கலைக்கழகக் கணிப்பொறிகளில் ஆங்காங்கே சிதறிக் கிடந்தன. டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளுக்குரிய துணைநிரல்களை ஒருங்கே திரட்ட, ஜெர்மனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அன்பர்கள் 1992இல் முயன்றனர். சிடான் என்னும் காப்பகம் பிறந்தது. அதன் வழியில் 1995இல் பெர்ல் மொழிக்குச் சிபான் தோன்றிற்று. பின்லாந்தில் இருந்த மூலப்படியை உலகெங்கும் தன்னார்வலர்கள் படியெடுத்து வைத்தனர். பைத்தான் மொழிக்குப் பைபிஐ 2003இலும், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம் 2010இலும் வந்தன.

இவற்றைப் பொதிப் பதிவகங்கள் என்பர். நிரலை எழுதியவர் அதற்கொரு பெயரும் பதிப்பெண்ணும் இட்டு, பதிவகத்தில் வெளியிடுகிறார். வேண்டுவோர் ஒரு கட்டளையால் அதனைப் பெறுகின்றனர். அப்பொதி சார்ந்துள்ள பிற பொதிகளும், அவை சார்ந்துள்ள வேறு பொதிகளும் உடன் வந்து சேரும். இந்தச் சங்கிலியே இம்முறையின் வலிமை; இதன் மெலிவும் அதுவே.

என்பிஎம் பதிவகத்தில் லெப்ட்-பேட் என்றொரு சிறுபொதி இருந்தது. ஒரு சொல்லின் இடப்புறத்தில் வெற்றிடமோ சுழியமோ சேர்த்து, வேண்டிய நீளத்திற்கு நிரப்புவதே அதன் பணி. நிரல் 11 வரிகளே. அதனை எழுதியவர் கிக் என்ற பெயரில் வேறொரு பொதியும் வெளியிட்டிருந்தார். அதே பெயருடைய செய்திப் பரிமாற்ற நிறுவனம் அப்பெயரைக் கேட்டது, அவர் மறுத்தார். பதிவகமோ பெயரை நிறுவனத்திற்கு அளித்தது. அவர் மனம் வெதும்பி, 2016 மார்ச் 22 அன்று தம் பொதிகள் அனைத்தையும் நீக்கிவிட்டார்.

அக்கணமே உலகின் பல பகுதிகளில் மென்பொருள் ஆக்கும் பணி தடைப்பட்டது. பேபெல் போன்ற பெருங்கருவிகளும் சங்கிலியின் ஏதோவொரு கண்ணியில் அப்பதினொரு வரிகளைச் சார்ந்திருந்தன. வேறொருவர் அதே நிரலைப் புதிதாக வெளியிட்டார். உரிமம் அதற்கு இடந்தந்தது. எனினும் பழைய பதிப்பெண்ணையே கோரிய பொதிகள் இயங்கவில்லை. இறுதியில் பதிவகமே, ஆக்கியோன் நீக்கிய பதிப்பை அன்றே மீட்டு வைத்தது.

இதில் யார் பக்கம் நீதி? தம் உழைப்பை இலவசமாக அளித்தவரின் இசைவின்றி அவர் இட்ட பெயரைப் பிறர்க்குக் கொடுத்தது வருத்தத்திற்குரியது. ஆனால் முன்பின் அறியாத எண்ணற்றோர் அவர் நிரலை நம்பிப் பணியாற்றினர் என்பதும் மெய். திறமூல உரிமம் படிப்பதற்கும் படியெடுப்பதற்கும் வழிவகுத்தது. காப்பவனின் கடமை யாது என்பதை அது சொல்லவில்லை. அந்த இடைவெளியே அன்று வெளிப்பட்டது.

அதன்பின் பதிவகம் விதி வகுத்தது: வெளியிட்டு 24 மணி நேரம் கடந்த பொதியை ஆக்கியோன் தானே நீக்க இயலாது. அவ்விதி பிற்பாடு திருத்தப்பட்டாலும் அதன் கருத்து நிலைத்தது. பெர்ல் அன்பர்களோ, சிபானிலிருந்து நீக்கப்பட்டவற்றையும் பேக்பான் என்னும் தனிக் காப்பகத்தில் பேணி வருகின்றனர்.

பொருள் மறையாதிருத்தல் ஒன்றே போதுமா? 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்னும் பொதியின் பராமரிப்பைப் பெற்ற அந்நியர் ஒருவர், பிட்காயின் பணப்பைகளைக் களவாடும் நிரலை அதில் நுழைத்தார். ஆகவே பொதி இருக்கிறதா என்பதோடு, அது யார் கையில் இருக்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாளை உங்களில் பலர் இக்களஞ்சியங்களில் பொதிகளை இடுவீர்கள். இன்னும் பலர் எடுத்துப் பயன்படுத்துவீர்கள். இடுவோர், தம் பொதியை நம்பியிருப்பாரை நினைத்தல் வேண்டும். எடுப்போர், இன்றியமையாதவற்றின் படியைத் தம்மிடமும் வைத்துக்கொள்ளல் வேண்டும். காப்போர் இருசாராரையும் கேட்டறிந்து நடத்தல் வேண்டும். பதினொரு வரிகள் மறைந்த அந்நாள் உலகிற்கு உணர்த்திய பாடம் இதுவே.