யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் குடும்பம்

யாழ்ப்பாணத்தில் வயலின் பழகிய நாள்களில், பாட்டுக்காரரின் பின்னால் போவதே வயலின்காரரின் வேலை என்று நான் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது எல். சுப்பிரமணியத்தின் ஒலிநாடா ஒன்று. அவர் சிறுவயதில் வளர்ந்தது எங்கள் ஊரில்தான் என்பது பிறகே எனக்குத் தெரியவந்தது.

அவரது தந்தை வி. லட்சுமிநாராயண ஐயர் 1911இல் பிறந்தவர். தஞ்சைப் பகுதி நாதஸ்வர, தவில் கலைஞர்கள் குடாநாட்டுக் கோயில்களுக்கு வந்து போவதும், சிலர் இங்கேயே தங்கிவிடுவதும் பழைய வழக்கம். ஐயரும் இந்தியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தார். மனைவி சீதாலட்சுமி வீணை வாசிப்பவர். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூன்று மகன்களுக்கும் தந்தையே வயலின் குரு. சங்கர் தன் ஏழாவது வயதில் நல்லூர்க் கோயிலில் வாசித்தார்.

கர்நாடக இசைக்கு வயலின் வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அன்று முதல் அது பெரும்பாலும் பக்கவாத்தியமாகவே இருந்தது. அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்துவதே ஐயரின் இலட்சியம்.

1958இல் இனக்கலவரம் வெடித்தது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுச் சென்னைக்குப் புறப்பட்டது. அப்போது வைத்தியநாதனுக்கு 16 வயது, சுப்பிரமணியத்துக்கு 10, சங்கருக்கு 8. சென்னையில் வாழ்க்கையை மீண்டும் தொடக்கத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அங்கே சகோதரர்கள் மூவரும் சேர்ந்து மேடையேறினார்கள்.

பின்னர் மூவரும் மூன்று வழிகளில் சென்றனர். வைத்தியநாதன் 'ஏழாவது மனிதன்' படத்துக்கும் 'மால்குடி டேஸ்' தொடருக்கும் இசையமைத்து, 2007இல் காலமானார். சுப்பிரமணியம் சென்னையில் மருத்துவம் படித்து முடித்தபின் கலிபோர்னியா சென்று மேலைத்தேய இசை பயின்றார். 1985இல் சுபின் மேத்தா நடத்திய நியூயோர்க் பில்ஹார்மொனிக் இசைக்குழுவுடன் தன் படைப்பை வாசித்தார். 2025இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவித்தது. சங்கரும் அமெரிக்கா சென்றார். ஜோன் மெக்லோக்லின், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்தார். பத்துத் தந்திகள் கொண்ட இரட்டை வயலினையும் உருவாக்கினார்.

ஐயர் 1990இல் மறைந்தார். அவரது நினைவாக சுப்பிரமணியம் 1992இல் தொடங்கிய இசைவிழா பல நாடுகளில் நடந்துள்ளது.

1958ஐப் பற்றிப் பேசும்போது உயிர்களையும் வீடுகளையும் நாம் கணக்கிடுகிறோம். அன்று ஓர் ஆசிரியரையும் யாழ்ப்பாணம் இழந்தது. அவர் இங்கேயே இருந்திருந்தால் அவரிடம் படித்திருக்கக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? நல்லூர்த் திருவிழாவில் வயலின் கேட்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்குள் எழும். இன்று இங்கு வயலின் பழகும் பிள்ளைகள் ஐயரின் பெயரையாவது அறிந்திருக்க வேண்டும்.