மலையா, கடலா?

இருபது வருஷங்களுக்கு முன்னால், மாம்பலத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் நடந்த இங்கிலீஷ் பேச்சு வகுப்பில் நான் மாணவனாக இருந்தேன். கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்ட எனக்கு இலக்கணம் ஓரளவு தெரியும், வாய்தான் திறக்காது. ஆசிரியர் எங்களை இருவர் இருவராக உட்கார வைத்துக் கரும்பலகையில் கேள்வி எழுதிப் போடுவார். உங்களுக்குப் பிடித்தது காப்பியா, டீயா? மலையா, கடலா? ஏன்? இதை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இங்கிலீஷிலேயே பேசித் தீர்க்க வேண்டும்.

எனக்கு வாய்த்த ஜோடி, ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஐம்பது வயது மனிதர். அவர் கரும்பலகையைப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"தம்பி, வடநாட்டுக்காரங்க வந்தா சேலைக்கு விலை சொல்லணும்னுதான் நான் இங்கே சேர்ந்தேன். எனக்கு எது பிடிக்கும்னு என் வீட்டிலேயே யாரும் கேட்டதில்லையே!"

நியாயமான பேச்சு. என் வீட்டிலும் அதே கதைதான். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவியவர்கள் நாங்கள். 'எனக்கு இது பிடிக்கும்' என்று சொல்லவே நாக்குக் கூசும். அதற்கு மேல் 'ஏன்?' என்று வேறு கேட்டால் எங்கே போவது?

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த வித்தை என்றுதான் வெகு காலம் நினைத்திருந்தேன். பழைய பாடப் புத்தகங்களின் சரித்திரத்தைப் புரட்டியபோதுதான், இந்தக் கேள்விக்கு நானூறு வயதுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது.

1578-ல் லண்டனில் 'முதற் கனிகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஜான் ஃப்ளோரியோ. அப்போது அவருக்கு 25 வயது இருக்கலாம். தகப்பனார் இத்தாலியர். கத்தோலிக்கத் துறவியாயிருந்து, பிராடஸ்டண்டாக மாறி, உயிருக்கு அஞ்சி லண்டனுக்கு வந்தவர். மேரி ராணி பட்டத்துக்கு வந்ததும் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. கைக்குழந்தையாகப் போன பிள்ளை ஸ்விட்ஜர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில் வளர்ந்து, வாலிபனாகத்தான் லண்டனுக்குத் திரும்பினான்.

புத்தகத்தில் இத்தாலிய மொழியும் இங்கிலீஷும் அருகருகே அச்சாகியிருக்கும். எந்தப் பக்கத்து மனிதரும் எதிர்ப் பக்கத்துப் பாஷையைக் கற்கலாம். முன்பகுதி பெரும்பாலும் சம்பாஷணைதான். ஓரிடத்தில் இரண்டு பேர் எங்கே போகலாம் என்று யோசிக்கிறார்கள். 'புல்' என்ற விடுதியில் நடக்கும் நாடகத்துக்குப் போகலாமே என்கிறார் ஒருவர். உமக்கு நாடகம் பிடிக்குமா என்று கேள்வி பிறக்கிறது. விடுமுறை நாட்களில் பிடிக்கும் என்று பதில். எனக்கும் பிடிக்கும், பாதிரிமார்தான் கூடாது என்கிறார்கள் என்கிறார் மற்றவர். பின் ஏன் நடத்துகிறார்கள்? எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அதனால்தான்!

ஷேக்ஸ்பியர் அப்போது 14 வயதுப் பையன். லண்டனில் 'தியேட்டர்' என்ற நாடகக் கொட்டகை எழும்பி இரண்டே வருஷம் ஆகியிருந்தது. ஊரே சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயத்தை எடுத்து, அதில் உன் அபிப்பிராயம் என்ன என்று மாணவனின் வாயைக் கிளறியிருக்கிறார் ஃப்ளோரியோ. கெட்டிக்காரர்! இங்கிலீஷ் பாஷையைப் பற்றியே ஒரு பாத்திரத்திடம் கருத்துக் கேட்கிறார். இங்கிலாந்துக்குள் பிரயோஜனப்படும், டோவர் துறைமுகத்தைத் தாண்டினால் செல்லாக் காசு என்று பதில் வருகிறது. அந்தச் செல்லாக் காசுக்காகத்தான் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு நாங்கள் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தோம்.

அடுத்த புத்தகம் 1586-ல் வந்தது. எழுதியவர் ழாக் பெலோ, பிரான்சில் கான் நகரத்துக்காரர். 1572 ஆகஸ்டில் பாரிஸில் மூண்ட படுகொலை பிரான்ஸ் முழுவதும் பரவி ஆயிரக்கணக்கான பிராடஸ்டண்டுகளை விழுங்கிய பிறகு, தப்பியவர்களில் பலர் லண்டன் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்களுக்காகவே பெலோ இதைச் செய்தார். பக்கத்துக்கு மூன்று பத்தி: இங்கிலீஷ், பிரெஞ்சு, அப்புறம் பிரெஞ்சுக்காரன் படித்தாலும் சரியாக உச்சரிக்கும்படி எழுத்து மாற்றிய இங்கிலீஷ். நம் ஊர் 'முப்பது நாளில் ஆங்கில'ப் புத்தகங்களுக்கு இதுதான் பாட்டன்.

பெலோ நாடகத்துக்கெல்லாம் அழைத்துப் போவதில்லை. கோழி விற்பவன், மீன்காரன், கசாப்புக்காரன், ஜவுளிக்காரன் என்று கடை கடையாக இழுத்துப் போய்ப் பேரம் பேச வைக்கிறார். வெறும் சந்தைப் புத்தகம் என்று எனக்கு முதலில் ஓர் இளக்காரம் வந்தது. சாப்பாட்டு மேஜைக் காட்சிக்கு வந்ததும் அது போய்விட்டது.

வீட்டுக்காரர் என்ன சேதி என்று விசாரிக்கிறார். பிரான்சில் எங்கும் வியாதியும் பஞ்சமுந்தான் என்கிறார் விருந்தாளி. இங்கே வந்து சேர்ந்தவர்கள் நிறையப் பேரோ? நிறையத்தான், அநேகர் வறுமையில் மிகவும் கஷ்டப்படுகிறார்கள். கேட்டவர் இரக்கப்படுகிறார், கடவுள் அவர்களைக் கைவிடமாட்டார் என்கிறார்.

இந்த வரிகளை வாய்விட்டுப் படித்துப் பழகியவன் யார்? அந்தக் கஷ்டப்படுகிறவனேதான்! வாடகை அறையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், தன்னைப் பற்றியே 'பாவம், அந்த ஜனங்கள்' என்று யாரோ மூன்றாம் மனிதனைப் போல அந்நிய பாஷையில் சொல்லிப் பார்த்திருக்கிறான். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இப்படி ஒரு காட்சி தோன்றியதில்லை.

ஃப்ளோரியோ பெரிய இடங்களுக்குப் போனார். மாண்டேனின் கட்டுரைகளை இங்கிலீஷில் தந்து 1603-ல் வெளியிட்டார். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ராணிக்கு இத்தாலியம் கற்பித்தார். 1625-ல் வறுமையில் இறந்தார். இருந்தாலும், அவர் புத்தகம் மாலைப் பொழுது கையில் மிஞ்சியவனுக்குத்தான். என் ஜவுளிக்கடை நண்பருக்குத் தேவைப்பட்டது பெலோ.

அன்று கால் மணி முடிந்ததும் ஆசிரியர் எங்கள் பக்கம் வந்தார். நண்பரைப் பார்த்து, மலையா, கடலா என்றார். அவர் எழுந்து நின்று வேஷ்டியைச் சரி செய்துகொண்டார்.

"ஐ லைக் ஸீ" என்றார்.

"ஒய்?"

சற்று நேரம் சும்மா நின்றார். பிறகு, "நோ டிக்கெட்" என்றார்.

வகுப்பு சிரித்தது. 'ஸீ'க்கு முன்னால் 'தி' விட்டுப்போயிற்று என்று திருத்திவிட்டு, ஆசிரியர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.