செம்மஞ்சேரியோடு நின்ற குழாய்

ஓ.எம்.ஆரில் செம்மஞ்சேரியைத் தாண்டினால் நாவலூர். நடுவில் ஒரு கோடு இருக்கிறது நண்பர்களே, கண்ணுக்குத்தான் தெரியாது!

சென்னைக் குடிநீர் வாரியம் (நம்ம மெட்ரோ வாட்டர்) 1978 சட்டத்தில் பிறந்தது. பெரிய கட்டடம் கட்டுகிறவர்கள் குடிநீர், கழிவுநீர் வசதிக்காக வாரியத்துக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டும் என்ற விதி 1998-இல் வந்தது. ஆனால் அது வாரியத்தின் எல்லைக்குள் மட்டும்தானே?

2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி உள்ளே போயின. நாவலூர் ஊராட்சியாகவே வெளியில் நின்றது. அடுக்குமாடிகள் மட்டும் கோட்டைப் பார்க்காமல் வளர்ந்தன. கட்டட அனுமதி கொடுப்பது ஒரு துறை, குழாய் போடுவது இன்னொரு துறை. சிக்கலின் வேர் இதுதான் என்பது என் எண்ணம்.

2013-இல் நாவலூருக்குத் தெற்கே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். தினம் 10 கோடி லிட்டர், நகரத்துக்காக! நாவலூர் அடுக்குமாடிகளுக்குப் போர்வெல், தண்ணீர் லாரி, சொந்தச் சுத்திகரிப்பு நிலையம். (சுங்கச்சாவடி மட்டும் சரியாக வந்தது. வசூலை 2023-இல்தான் நிறுத்தினார்கள்.)

2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது, ஓ.எம்.ஆர். ஐ.டி. நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. வீட்டிலும் லாரித் தண்ணீர்தான்.