சுசுகி டி.ஆர்.650எஸ்.ஈ.

சுசுகி டி.ஆர்.650எஸ்.ஈ. என்பது சப்பானிய நிறுவனமான சுசுகி 1996ஆம் ஆண்டின் மாதிரியாக அறிமுகப்படுத்திய இருபயன் விசையுந்து ஆகும். தார்ச்சாலையில் சட்டப்படி ஓட்டத்தக்கதாகவும், மண்பாதைகளிலும் ஓடவல்லதாகவும் அமைந்த விசையுந்துகள் இருபயன் விசையுந்துகள் எனப்படுகின்றன. இரு பயன்களுக்கும் பொதுவாக வடிவமைக்கப்படுவதால், புதிய வண்டி எந்தவோர் ஓட்டுநருக்கும் அப்படியே முழுமையாகப் பொருந்துவதில்லை. உதவி கிடைக்காத தொலைவிடங்களுக்கு இவ்வண்டிகள் கொண்டு செல்லப்படுவதால், தொடக்கச் சீரமைப்பும் தொடர் பராமரிப்பும் ஓட்டுநரின் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புடையவை.

வரலாறு

இதன் முன்னோடியான டி.ஆர்.600 1985இல் வெளியானது. அதனைத் தொடர்ந்து 1990இல் முதலாவது டி.ஆர்.650 வந்தது. 1996இல் எடை குறைக்கப்பட்டுப் பெரிதும் புதிதாக வடிவமைக்கப்பட்டதே எஸ்.ஈ. மாதிரியாகும். அதன் பின்னர் எஞ்சினும் சட்டகமும் பல ஆண்டுகளாகப் பெரிய மாற்றமின்றித் தொடர்ந்தன. வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் இது நெடுந்தொலைவுப் பயணங்களுக்கு விரும்பப்பட்டது.

அமைப்பு

* எஞ்சின்: ஒற்றை உருளை, நான்கு வால்வுகள், 644 கன செ.மீ. கொள்ளளவு
* உருளை விட்டம் 100 மி.மீ., வீச்சு 82 மி.மீ.
* குளிர்விப்பு: காற்றும் எண்ணெயும்
* எரிபொருள் கலப்பு: கார்புரேட்டர்
* பற்சக்கரப்பெட்டி: ஐந்து வேகம்
* சக்கரங்கள்: ஆரக்கம்பிகள் கொண்டவை, முன் 21 அங்குலம், பின் 17 அங்குலம்
* எரிபொருள் தொட்டி: ஏறத்தாழ 13 லிட்டர்

தொலைவுப் பயணம் செய்வோர் 20 லிட்டர் அல்லது 30 லிட்டர் கொள்ளும் பிற நிறுவனத் தொட்டிகளைப் பொருத்துவதுண்டு. 30 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 22 கிலோகிராம் என்பதால், தொட்டி நிரம்பியிருக்கும்போது வண்டியின் கையாளுகை மாறும்.

புதிய வண்டியைச் சீரமைத்தல்

முதலில் திருகாணிகளின் இறுக்கம் சோதிக்கப்பட வேண்டும். ஒற்றை உருளை எஞ்சினின் அதிர்வு திருகாணிகளைத் தளர்த்தும் இயல்புடையது. புதிய ஆரக்கம்பிகளும் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் தளரக்கூடும். ஒரு சிறு கருவியால் தட்டும்போது மற்றவற்றினின்று வேறுபட்டு மந்தமாக ஒலிக்கும் கம்பி தளர்ந்திருக்கிறது எனலாம்.

அடுத்தது அதிர்வுத் தாங்கிகள். பின்சக்கரம் தரையில் படாதபோது அச்சிலிருந்து இருக்கையின் பின்பகுதி வரையுள்ள உயரம் அளக்கப்படுகிறது. பின்னர், ஓட்டுநர் தம் முழு உடையுடன் அமர்ந்த நிலையில் அதே உயரம் மீண்டும் அளக்கப்படுகிறது. இவ்விரண்டின் வேறுபாடு, சக்கரம் மேலெழக்கூடிய மொத்தத் தொலைவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக இருத்தல் நன்று. இவ்வண்டியில் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 260 மி.மீ. ஆகையால், 85 மி.மீ. அளவுக்குத் தாழ்வது பொருத்தமாகும். சுருள்வில்லின் முன்னிறுக்கத்தைக் கூட்டியோ குறைத்தோ இந்த அளவு அடையப்படுகிறது. முன்னிறுக்கத்தால் சரிசெய்ய இயலாதபோது, ஓட்டுநரின் எடைக்கேற்ற வேறு சுருள்வில் தேவைப்படும்.

கைப்பிடி நெம்புகோல்கள் நின்று ஓட்டும்போதும் மணிக்கட்டை வளைக்காமல் எட்டுமாறு திருப்பப்படுகின்றன. அவற்றின் பிடிப்புத் திருகாணிகள் மிகையாக இறுக்கப்படாவிடின், வண்டி விழும்போது நெம்புகோல் உடையாமல் சுழன்றுகொள்ளும். எஞ்சினின் அடிப்பகுதியைக் கற்களிலிருந்து காக்க உலோகத் தகடு பொருத்துவது வழக்கம்.

பராமரிப்பு

முதல் 1,000 கி.மீ. ஓட்டத்தில் எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்படுகின்றன. புதிய பாகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்தும்போது வெளிப்படும் உலோகத்துகள்கள் இதன்மூலம் அகற்றப்படுகின்றன. கிளட்ச் இதே எண்ணெயில் இயங்குவதால், ஜாசோ எம்.ஏ. தரக்குறியீடுடைய எண்ணெய் பயன்படுத்தப்பட வேண்டும். உராய்வைக் குறைக்கும் சேர்ப்பிகள் கொண்ட சில மகிழுந்து எண்ணெய்கள் கிளட்ச் வழுக்குவதற்குக் காரணமாகலாம்.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் அளக்கப்படுகிறது. உள்ளிழு வால்வுக்கு 0.08 முதல் 0.13 மி.மீ. வரையும், வெளியேற்று வால்வுக்கு 0.17 முதல் 0.22 மி.மீ. வரையும் இருத்தல் வேண்டும். இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுமையாக மூடாது. அப்போது அதன் வெப்பம் உருளைத் தலைக்குக் கடத்தப்படாமல் வால்வு கருகிவிடும். திருகாணியால் சரிசெய்யும் வகையாதலால், இப்பணியை உரிமையாளரே எளிய கருவிகளால் செய்யலாம்.

நுரைவகைக் காற்று வடிகட்டி, புழுதி மிகுந்த பாதையில் ஓட்டியபின் கழுவி உலர்த்தப்பட்டு, மீண்டும் எண்ணெயில் நனைக்கப்படுகிறது. எண்ணெயற்ற நுரை நுண்மண்ணைத் தடுக்காது. உட்புகும் மண் உருளையையும் வளையங்களையும் விரைவில் தேய்த்துவிடும்.

சங்கிலியின் தளர்வு சாலை விசையுந்துகளைவிடச் சற்று மிகுதியாக வைக்கப்படுகிறது. முன் பற்சக்கரம், பின் கையின் சுழல்மையம், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வரும்போது சங்கிலி மிக இறுகும். அந்நிலையிலும் சிறிது தளர்வு எஞ்சாவிடின், பற்சக்கரப்பெட்டியின் தாங்கிகள் சேதமுறும்.

அறியப்பட்ட குறைபாடுகள்

நியூட்ரல் நிலையை உணர்த்தும் மின்னிணைப்பியைப் பிடித்திருக்கும் இரு சிறு திருகுகள் கிளட்ச்சுக்குப் பின்னால் உள்ளன. இவை தளர்ந்து எஞ்சினுக்குள் விழுந்தால் பற்சக்கரங்களிடையே சிக்கிப் பெருஞ்சேதம் விளைவிக்கக்கூடும். உரிமையாளர் பலர் கிளட்ச்சைக் கழற்றி, இத்திருகுகளைப் பூட்டுப்பசையால் ஒட்டியோ கம்பியால் கட்டியோ வைக்கின்றனர். சங்கிலியின் மேல் உருளியும் கடும் அதிர்வில் சட்டகத்தின் பற்றவைப்பைப் பிளக்கக்கூடும் என்பதால், அதனை நீக்கிவிடுவோர் உள்ளனர்.

அமெரிக்காவில் விற்கப்பட்ட வண்டிகளில், மாசு வெளியேற்ற விதிகளுக்கேற்பக் கார்புரேட்டரின் கலவைத் திருகு மூடப்பட்டிருந்தது. எரிபொருள் குறைந்த அக்கலவையால் குளிர்ந்த எஞ்சின் தடுமாறுவதுண்டு. ஆயினும் அதனை மாற்றியமைப்பது சில இடங்களில் சட்டத்திற்கு முரணாகும்.

இவற்றையும் பார்க்க

* விசையுந்து
* உள் எரி பொறி
* கார்புரேட்டர்