ஜம்ப் ஸ்டார்ட்டரும் சார்ஜரும்: ரெண்டு வேலை, ரெண்டு வரலாறு

போன மாசம் ஒரு விடியற்காலை, அம்மாவை சென்ட்ரல்ல ரயிலேத்தணும். சாவியைத் திருப்பினா 'டக் டக்'னு சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டு அண்ணா ஜம்ப் ஸ்டார்ட்டர் மாட்டினார்; வண்டி உடனே கிளம்பிடுச்சு. ரயிலையும் பிடிச்சாச்சு. மறுநாள் ஆபீஸ் கிளம்பினா, மறுபடியும் 'டக் டக்'. ஏன்?

1859-ல பிரான்ஸ்ல காஸ்டோன் பிளாந்தே, ரெண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்துல வெச்சார். தீர்ந்துபோனா, மின்சாரத்தை எதிர்த்திசையில செலுத்தி மறுபடி நிரப்பலாம். நம்ம கார் பேட்டரி அடிப்படையில இன்னும் அதுதான்.

ஆனா ஆரம்பகாலக் கார்களை இரும்புக் கைப்பிடியைச் சுத்தித்தான் கிளப்பணும். இன்ஜின் திருப்பி உதைச்சா கை உடையும். அமெரிக்காவுல சார்ல்ஸ் கெட்டரிங், அதுக்கு முன்னாடி கடைகளோட கேஷ் ரெஜிஸ்டருக்கு மோட்டார் வெச்சவர். சில நொடி மட்டும் ஓடணும்னா சின்ன மோட்டாரே பெரிய பலம் காட்டும்னு அவருக்குத் தெரியும். 1912 மாடல் கேடிலாக்ல அவரோட ஸ்டார்ட்டர் வந்தது.

ஜம்ப் ஸ்டார்ட்டர் உதவுறது கெட்டரிங்கோட வேலைக்கு: சில நொடிக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் கடன். சார்ஜர் செய்யறது பிளாந்தேயோட வேலை: மணிக்கணக்கா, மெதுவா, தகட்டுல படிஞ்ச ஈய சல்பேட்டை மாத்துறது. சென்ட்ரல் போய்வந்த கொஞ்ச தூர ஓட்டம் அதுக்குப் பத்தாது. காலியாவே நாள்கணக்கா விட்டா சல்பேட் இறுகிடும். அப்புறம் சார்ஜராலயும் மீட்கிறது கஷ்டம்.

அன்னிக்கு ராத்திரி முழுக்க சார்ஜர் போட்டேன். காலையில ஒரே திருப்புல கிளம்பிடுச்சு. கடன் வாங்கினா, அன்னிக்கே அடைச்சிடுங்க.