குரல் தளர்ந்த ஆசிரியரும் வாழ்க்கைப் புத்தகமும்

முதல் உலக யுத்தத்தில் நெஞ்சில் காயமுற்று, நெடுநேரம் உரத்த குரலில் பாடம் சொல்லும் சக்தியை இழந்தவராய், 1920இல் தென் பிரான்ஸின் பார்-சுர்-லூ என்னும் மலைக்கிராமப் பாடசாலைக்கு உபாத்தியாயராக வந்த செலஸ்தென் ஃப்ரெனே, தம் குரல் தளர்ந்த இடத்தில் மாணாக்கரின் குரலை எழச் செய்தார் என்பதே பிரெஞ்சு மொழிக் கல்வியின் சரித்திரத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த விஷயமாகும். பிள்ளைகளை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று, கண்டவற்றைத் திரும்பி வந்ததும் வாய்விட்டுச் சொல்லச் செய்வார். சொன்னது கரும்பலகையில் ஏறும். அனைவரும் கூடித் திருத்துவர். பின்னர், 1924இல் வகுப்பறைக்கு வந்த சிறிய அச்சியந்திரத்தில் அவர்களே எழுத்துக் கோத்து அச்சிடுவர். அத்தாள்கள் ‘வாழ்க்கைப் புத்தகம்’ என்ற தொகுப்பாக வளர்ந்ததோடு, தூரத்துப் பிரெத்தாஞ் பிராந்தியத்தின் த்ரேகுங்க் பள்ளிக்கும் தபாலில் சென்றன. முகமறியாத தோழர் வாசிக்கப் போகிறார் என்ற பிரக்ஞையைக் காட்டிலும் பிழையற எழுதும் சிரத்தையை வளர்க்கவல்ல தண்டனை எதுவும் உண்டோ?

பிரெஞ்சு முதலியவற்றை அந்நிய மொழியாகப் பயில்வோருக்கென இத்தகைய தொகுப்பு உருவாக வெகுகாலமாயிற்று. 1991இல் சுவிட்சர்லாந்தின் ரூஷ்லிகோனில் கூடிய மாநாட்டில் முன்வைக்கப்பட்ட யோசனையின் பயனாக, 2001இல் ஐரோப்பிய கவுன்சில், பயில்வோர் தம் மொழிக் கற்றலைத் தாமே பதிந்து சேர்க்கும் ‘மொழித் தொகுப்பேட்டை’ நடைமுறைக்குக் கொணர்ந்தது. உரையாடுதலையும் தொடர்ந்து பேசுதலையும் தனித்தனித் திறன்களாகக் கணித்து, மாணவரே தம் நிலையை மதிப்பிட இடமளித்தது அதன் சிறப்பு. ஆயினும், ஃப்ரெனேயின் பிள்ளைகளுக்கு வாய்த்த அந்தத் தூரத்து வாசகரை அவ்வேடு தன்னளவில் தரவில்லை என்பதே என் அபிப்பிராயம்.